சாலையோரப் பள்ளத்தில் விழுந்த வண்டி: முதல் கயிறு பிடிக்க, அடுத்த கயிறு இழுக்க

சரிவில் ஒரு வண்டி அசையாமல் கிடக்கிறது என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு வேராக இருக்கலாம், பாறை முனையாக இருக்கலாம், வளைந்து மண்ணில் குத்தி நிற்கும் கதவாகக்கூட இருக்கலாம். சாலையில் நின்று பார்த்தால் அது எது என்று தெரியாது. நேராக வின்ச்சை (கயிற்றை உருளையில், அதாவது டிரம்மில், சுற்றி இழுக்கும் இயந்திரம்) போட்டு இழுத்தால் வண்டி கொஞ்சம் திரும்பும், அந்தப் பிடி விலகும், முழுப் பாரமும் ஒரே நொடியில் கயிற்றின் மேல் விழும். கயிறு அறுவதும், ஷாக்கிள் (கயிற்றைக் கோக்கும், குறுக்கே பின் போட்ட இரும்பு வளையம்) தெறிப்பதும், மீட்பு வண்டியே பின்னோக்கி வழுக்குவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான் நடக்கின்றன. ஆகவே முதலில் கட்டும் கயிறு இழுப்பதற்கு இல்லை, பிடிப்பதற்கு. அந்தப் பிடிகயிறு விறைப்பாக நிற்கும்வரை வின்ச் பட்டனில் யார் கையும் போகக்கூடாது.

இறங்குவதற்கு முன்

வண்டிக்குள் ஆள் இருந்தால் அது மீட்பு வேலையே இல்லை. தீயணைப்பு, மருத்துவக் குழுவின் வேலை. அவர்கள் முடித்து, காவல்துறை இடத்தை ஒப்படைத்த பிறகுதான் கயிறு கீழே போக வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். டயர் தடம், கியர் எந்த நிலையில் இருக்கிறது, ஏற்கெனவே இருந்த நசுங்கல் எது என்பதெல்லாம் பிறகு கேள்வியாக வரும்.

சாலையில் போகும் மற்ற வண்டிகள்தான் இந்த வேலையில் ஆளைக் கொல்பவை. கூம்புகளும் எச்சரிக்கை முக்கோணமும் வளைவுக்கு முன்பே வைக்கப்பட வேண்டும். வளைவு திரும்பியவுடன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் ஓட்டுநருக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. மீட்பு வண்டியின் லீவர்களைப் போக்குவரத்துப் பக்கம் நின்று இயக்காதீர்கள். எதிர்ப்பக்கத்திலும் லீவர் இருக்கும், இல்லையென்றால் ரிமோட் இருக்கும்.

கீழே இறங்குபவர் தனக்கென்று ஒரு பாதுகாப்புக் கயிற்றோடு, வண்டிக்குப் பக்கவாட்டில் ஐந்தாறு மீட்டர் தள்ளி இறங்க வேண்டும். நேர் மேலே இறங்கினால் அவர் கால் தட்டி உருளும் கல் வண்டியை அசைக்கும். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாருக்கும் வேலை இல்லை. பெட்ரோல் வாசனை வருகிறதா, எரிவாயு சிலிண்டரிலிருந்து சீறல் கேட்கிறதா, சூடான சைலன்சருக்கு அடியில் காய்ந்த புல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மேலே வந்துவிடுங்கள், தீயணைப்புக் குழு கீழே போகட்டும். ஆரஞ்சு நிற ஆபத்துப் பலகை மாட்டிய சரக்கு வண்டி என்றால் காற்று வரும் திசையில் நின்று, எண்ணைப் படித்துச் சொல்வதோடு உங்கள் பங்கு முடிந்தது.

பேட்டரியை அணுக முடிந்தால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். வெடிக்காத ஏர்பேக் அதன் பிறகும் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். ஸ்டீயரிங்குக்கும் டேஷ்போர்டுக்கும் முன்னால் தலையை நீட்டிக் கியரை நியூட்ரல் செய்யப் போகாதீர்கள். பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் விடுங்கள்.

பிடிகயிறு

வண்டியின் மேட்டுப் பக்க முனையிலிருந்து, வின்ச்சுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பிடிமானத்துக்கு இந்தக் கயிறு போக வேண்டும். ஒன்றரை டன் காருக்கு 3 டன் பெல்ட், அதோடு 3 டன் லீவர் செயின் பிளாக் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் சங்கிலிக் கருவி) இருந்தால் போதும். பெல்ட்டின் நிறமே அதன் தாங்கும் அளவைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. லேபிள் கிழிந்துபோன பெல்ட் எந்த நிறமாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. லீவரை இழுத்து, கயிறு தட்டினால் அதிரும் அளவுக்கு விறைப்பாக்குங்கள். இடைவெளி விட்டால் வண்டி நழுவும்போது அந்த இடைவெளி தூரம் வேகம் எடுத்து, பிறகு வெட்டி நிற்கும். அந்த வெட்டுதான் கயிறை அறுக்கும்.

பிடிமானமாக மரத்தை எடுத்தால் உயிருள்ள மரமாக, அடிமரம் 30 செ.மீ.க்குக் குறையாததாக இருக்கட்டும். அகலப் பெல்ட்டைத் தரையை ஒட்டிச் சுற்றுங்கள். இடுப்பு உயரத்தில் கட்டினால் மரமே நெம்புகோலாகி வேரைக் கிளப்பும். சாலை வெட்டிய மண் விளிம்பில் நிற்கும் மரத்தை நம்பாதீர்கள்; அதற்கு ஒரு பக்கம்தான் வேர். சந்தேகம் இருந்தால் இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டுங்கள்.

மரம் இல்லாத இடத்தில் முளை அடிக்க வேண்டும். 75 மி.மீ. தடிமனும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள மர முளை, 90 செ.மீ. மண்ணுக்குள், இழுவைக்கு எதிர்ப்பக்கம் 15 டிகிரி சாய்ந்து. ஒற்றை முளை கலைக்கப்படாத நல்ல மண்ணில் 300 கிலோ அளவுதான் தாங்கும். முன்வரிசையில் மூன்று, அதன் பின்னால் இரண்டு, கடைசியில் ஒன்று என்று அடித்து, முன் முளையின் தலையைப் பின் முளையின் அடியோடு முறுக்கிக் கட்டினால் அந்த அமைப்பு 1.8 டன் வரை தாங்கும். தலையோடு தலையைக் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு; அப்படிக் கட்டினால் எல்லா முளையும் சேர்ந்தே சாயும். ஆற்று மண், ஈரக் களி என்றால் தாங்கும் அளவைப் பாதியாகக் கணக்கிடுங்கள்.

எவ்வளவு இழுவை வேண்டும்

“வின்ச் நாலு டன், கார் ஒன்றரை டன், தாராளமாக வரும்” என்பது கணக்கு இல்லை. மூன்று விஷயத்தைக் கூட்ட வேண்டும்.

முதலாவது சரிவு. எடையைச் சரிவின் டிகிரியால் பெருக்கி 60 ஆல் வகுத்தால் போதுமான விடை வரும். 45 டிகிரி வரை இது பொருந்தும். இரண்டாவது தரை. உருளும் சக்கரத்துக்குக் கெட்டியான சாலையில் எடையில் 25இல் ஒரு பங்கு, புல்தரையில் 7இல் ஒன்று, சரளையில் 5இல் ஒன்று, உலர்ந்த இளமணலில் 4இல் ஒன்று, மேலோட்டமான சேற்றில் 3இல் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் விபத்து வண்டிக்கே உரியது: உருளாத சக்கரம். நசுங்கிப் பூட்டிக்கொண்ட சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் 0.7 பங்கு முழுக்க உராய்வாகிவிடும்.

ஒன்றரை டன் கார், 30 டிகிரி புல்சரிவு, முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டது என்று வையுங்கள். சரிவுக்கு 750 கிலோ. முன்பக்க எடை 900 கிலோ என்றால் அதன் 0.7 பங்கு 630. பின்சக்கரம் உருள்கிறது, 600 கிலோவில் 7இல் ஒன்று, 85 சொச்சம். மொத்தம் 1,465. இதோடு கால் பங்கைப் பாதுகாப்புக்காகச் சேர்த்தால் 1,830 கிலோ. காரின் எடையைவிடக் கூடுதல் இழுவை. தூக்கி எடுப்பதற்கே கிட்டத்தட்ட இவ்வளவுதான் ஆகும்போல என்று தோன்றும், உண்மையும் அதுதான். பூட்டிய சக்கரத்துக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் ஸ்கேட் (சக்கரத்தை வழுக்கவிடும் தட்டு) அல்லது சோப்புத் தண்ணீர் ஊற்றிய பலகையைச் செருகினால் அந்த 630இல் பெரும்பகுதி போய்விடும். வின்ச்சைப் பெரிதாக்குவதைவிட இது சுலபமான வழி.

இப்போது வின்ச்சைப் பாருங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் அளவு டிரம்மில் முதல் அடுக்குக் கயிற்றுக்கு மட்டும்தான். மேலே அடுக்கு ஏற ஏறத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு வீதம் வலு குறையும். நாலாவது அடுக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். 3.6 டன் வின்ச் அங்கே 2.4 டன். வண்டி கிட்டே வர வரக் கயிறு டிரம்மில் சேரும், வலு குறையும்; ஆனால் கடைசி மேடு, அதாவது சாலை விளிம்பு, அப்போதுதான் வரும். கடினமான இடத்துக்கு வின்ச் களைத்துப்போய்த்தான் வந்து சேரும். எதிர்த்திசையிலும் ஒரு எல்லை உண்டு. இரும்புக் கயிறு என்றால் டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று, நூலிழைக் கயிறு என்றால் எட்டு முதல் பத்துச் சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பது அந்தச் சுற்றுகளின் உராய்வுதான், முனையில் இருக்கும் போல்ட் இல்லை.

கப்பி செய்வதும் செய்யாததும்

பக்கத் தகட்டைத் திறந்து கயிற்றை நடுவில் மாட்டும் கப்பிக்கு ஸ்நாட்ச் பிளாக் என்று பெயர். அதை விழுந்த வண்டியில் மாட்டி, கயிற்று முனையைத் திருப்பிக் கொண்டுவந்து மேலே கட்டினால் வின்ச்சின் பாரம் பாதியாகும். மேலே சொன்ன 1,830 கிலோவுக்கு, கப்பியின் உராய்வையும் சேர்த்து வின்ச் ஒரு டன் இழுத்தால் போதும். வேகமும் பாதியாகும், இந்த வேலையில் அது நல்லதுதான்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரும்பிவந்த முனையை மீட்பு வண்டியிலேயே கட்டினால், வின்ச்சுக்குத்தான் பாரம் பாதி. மீட்பு வண்டியைக் கீழே இழுக்கும் விசை முழுசாக அதே 1,830 கிலோதான். முனையைப் பக்கத்து மரத்தில் கட்டினால்தான் வண்டிக்கும் பாதியாகும். கப்பியும் அதைக் கோத்த ஷாக்கிளும் எந்த நிலையிலும் முழுப் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். கயிற்றைத் திசை திருப்ப மட்டும் மரத்தில் கப்பி மாட்டினால், 90 டிகிரி திருப்பத்தில் அந்த மரத்துக்கு வரும் பாரம் கயிற்று இழுவையைப் போல 1.4 மடங்கு.

ஷாக்கிளில் தாங்கும் அளவு பொறித்திருக்கும். வில் வடிவ ஷாக்கிளில் 16 மி.மீ. 3.25 டன், 19 மி.மீ. 4.75 டன், 25 மி.மீ. 8.5 டன். அளவு பொறிக்காத ஷாக்கிள் வேலிக்கம்பி கட்ட உதவும். ஓடும் கயிறு ஷாக்கிளின் பின் மேல் உரசக்கூடாது. உரசினால் பின் தானே கழன்றுகொள்ளும். வில்லின் பக்கவாட்டிலும் இழுவை விழக்கூடாது. சங்கிலி என்றால் கிரேடு 80 அல்லது 100 மட்டும். கிரேடு 80இல் 10 மி.மீ. சங்கிலி 3.15 டன்னும் 13 மி.மீ. 5.3 டன்னும் தாங்கும்.

கொக்கி போடும் இடம்

முன்பம்பரில் திருகிப் போடும் டோ ஹூக்கைச் சமதரையில் நேராக இழுக்க மட்டும் பயன்படுத்துங்கள். விபத்தில் அதன் அடித்தளம் வளைந்திருக்கும். சரிவில் கோணலாக இழுத்தால் குண்டுபோலப் பறந்து வரும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொண்டியில் எக்காரணம் கொண்டும் கயிறு போடாதீர்கள்.

லோயர் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்துக்குப் பக்கம், பின் ஆக்சில், சப்ஃபிரேம், சேஸிஸில் கொக்கிக்கென்றே விட்டிருக்கும் நீள்துளைகள் ஆகியவை நம்பலாம். சக்கரம் உறுதியாக நிற்கிறது என்றால் அலாய் வீலின் கம்பிகளுக்கிடையே பெல்ட்டை நுழைத்தும் இழுக்கலாம். டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி), ஆன்டி ரோல் பார், டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர், பிரேக் குழாய் போகும் பக்கம் வேண்டாம். டை ராட் கொக்கி மாட்ட வாகாக இருக்கும், இழுத்தால் வளையும், வளைந்த பின் சக்கரம் இரண்டும் இரண்டு திசையைப் பார்க்கும், அதன் பிறகு அந்த வண்டி எதற்கும் உருளாது.

இரண்டு இடத்தில் மாட்டி V போலச் சேர்த்து இழுப்பதே நல்லது. இரண்டு காலும் ஒரே நீளம், நடுவே கோணம் 60 டிகிரிக்குள். கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் தனியே சுமக்கும். இரண்டு போட்டதால் ஒரு லாபமும் இல்லை.

மீட்பு வண்டி எங்கே நிற்பது

கயிறு போகும் திசைக்கு நேராக. இடம் இல்லையென்றால் வண்டியைக் கோணலாக நிறுத்துவதைவிட, கப்பியால் கயிற்றைத் திருப்புவது மேல். கோணத்தில் வரும் கயிறு டிரம்மின் ஒரு ஓரத்தில் குவிந்து, சரிந்து, கீழ் அடுக்கில் இறுக்கிக்கொள்ளும்.

8 டன் மீட்பு வண்டி சாலைக்கு இணையாக நின்று, 3 மீட்டர் உயரத்திலிருக்கும் பூம் (கயிற்றை உயர்த்திப் பிடிக்கும் இரும்புக் கை) நுனியிலிருந்து பக்கவாட்டில் இழுக்கிறது என்று வையுங்கள். சக்கர ஓரத்திலிருந்து அதன் மையம் ஒரு மீட்டர். எட்டை மூன்றால் வகுத்தால் 2.6 சொச்சம், அத்தனை டன் கிடைமட்ட இழுவையிலேயே எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்றும் கால்) இல்லாமல் பக்கவாட்டில் இழுத்த வண்டி பள்ளத்தில் விழுந்த வண்டிக்கு மேலேயே போய் விழுவது இப்படித்தான்.

வழுக்குவது வேறு. உலர்ந்த தாரில் எல்லாச் சக்கரமும் பிடித்தால் எடையில் 0.6 பங்கு பிடிமானம் கிடைக்கும். ஆனால் ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். மேட்டுப் பக்கம் பார்த்து நின்று பின்பக்கமாக இழுத்தாலும், எல்லாச் சக்கரத்துக்கும் பள்ளத்துப் பக்கம் கட்டை போட்டு, காலால் உதைத்து இறுக்கிய பிறகே வேலை. தாருக்கு வெளியே இருக்கும் சாலை ஓர மண்ணில் பின்சக்கரம் இருக்கக்கூடாது. மழைக்குப் பிறகு அந்த மண் மேலே காய்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கும்.

இழுக்கும்போது

வந்த வழியே திரும்பக் கொண்டுவருவதுதான் பொதுவாக நல்ல வழி. புதர், கல், சிறு மரம் எல்லாவற்றையும் விழும்போதே வண்டி ஒதுக்கி வைத்திருக்கும். குறுக்குவழி நீளத்தில் குறைவாக இருந்தாலும் பாதியில் ஒரு பாறை காத்திருக்கும். நேராக வரமுடியாத இடத்தில் முதலில் வண்டியின் மூக்கைத் திருப்பவே ஒரு இழுவை, பிறகு மேலே கொண்டுவர ஒரு இழுவை என்று இரண்டாகப் பிரியுங்கள்.

சைகை கொடுப்பவர் ஒருவர்தான்; நிறுத்தச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் உரிமை உண்டு. கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் இரண்டு பக்கமும் ஆள் இருக்கக்கூடாது. கப்பியில் திரும்பும் கயிற்றின் உள்கோணம்தான் மிக மோசமான இடம். கப்பி கழன்றால் அது பாய்வது அங்கேதான். நடுக்கயிற்றில் கனமான போர்வை ஒன்றை மடித்துப் போடுங்கள். கயிறு டிரம்மில் நுழையும் இடத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் கை போகக்கூடாது, கையுறை போட்டிருந்தாலும்.

முதலில் கயிறு விறைக்கும்வரை மட்டும் சுற்றி நிறுத்துங்கள். ஒவ்வொரு ஷாக்கிளையும் கொக்கியையும் கண்ணால் தொட்டு வாருங்கள். விறைத்த பிறகுதான் கொக்கி கோணலாக உட்கார்ந்திருப்பது தெரியும். பிறகு அரை மீட்டர் இழுத்து நிறுத்துங்கள். பிடிகயிற்றின் தொய்வை லீவரால் எடுங்கள். மறுபடி அரை மீட்டர். பிடிகயிறு வண்டியோடு மேலேறிக்கொண்டே வர வேண்டும். கீழேயே கிடந்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இடையில் கட்டு மாற்ற வேண்டியிருந்தால் பாரத்தைப் பிடிகயிற்றுக்கு மாற்றிவிட்டு மாற்றுங்கள். வின்ச் பிரேக்கை மட்டும் நம்பித் தொங்கும் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது.

வின்ச்சின் சத்தம் கனத்து, வண்டி அசையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கணக்கில் விட்டுப்போன ஏதோ ஒன்று இருக்கிறது: பம்பர் வேரில் மாட்டியிருக்கும், அல்லது வளைந்த சக்கரம் மண்ணில் உழுதுகொண்டிருக்கும். இறங்கிப் பார்த்து, மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் தீரும் விஷயத்துக்குக் கயிற்றைப் பலி கொடுப்பவர்கள் உண்டு.

சாலை விளிம்பு தனி வேலை. கயிறு தாழ்வாக விளிம்பில் உரசி வந்தால் அது மண்ணை அறுத்துப் புதையும். வண்டியின் மூக்கும் மேலே ஏறாமல் விளிம்புக்கு அடியில் முட்டும். பூம் இருந்தால் கயிற்றை உயர்த்துங்கள். இல்லையென்றால் விளிம்பில் பழைய டயரோ உருட்டுக் கட்டையோ போட்டு அதன் மேல் கயிறு ஓடட்டும். முன்சக்கரம் விளிம்பைத் தொட்டதும் நிறுத்தி, மேட்டை மண்வெட்டியால் சரித்து, இரண்டு சக்கரத்துக்கும் பலகை கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வயிறு தட்டி, எண்ணெய்த் தொட்டி உடைந்து, சாலையெல்லாம் ஆயில் ஊற்றும்.

பக்கவாட்டில் கவிழ்ந்தது

கீழே இருக்கும் டயர்களுக்கு முதலில் கட்டை போடுங்கள். இல்லையென்றால் வண்டி நிமிராமல் உங்களை நோக்கி நழுவி வரும். சக்கரம் பார்க்கும் பக்கம் நின்று, மேலே இருக்கும் பக்கத்தின் சஸ்பென்ஷனில் அல்லது சேஸிஸில் கயிறு போட்டு இழுக்க வேண்டும். இழுவை எடையில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில், அதாவது கூரைப் பக்கத்தில், இன்னொரு வின்ச்சிலிருந்து பிடிகயிறு இருக்க வேண்டும்.

பிடிகயிறு எப்போது வேலை செய்யும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். காரின் கனமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், டயர் ஓரத்திலிருந்து 75 செ.மீ. உள்ளே இருப்பதாகக் கொண்டால், படுத்த நிலையிலிருந்து 36 டிகிரி நிமிர்ந்ததுமே அது சமநிலையைத் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் 54 டிகிரியும் தானாகவே விழும். பாதிகூட நிமிராதபோதே இழுப்பவர் கையிலிருந்து அது போய்விடுகிறது. சரக்கேற்றிய லாரியில் கனமையம் 2 மீட்டர் உயரத்தில், ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் 63 டிகிரி வரை இழுத்தாக வேண்டும். கடைசி 27 டிகிரிதான் விழுகை. ஆனால் அந்த 27இல் பல டன் இறங்கும், வேகம் எடுக்கவிட்டால் மறுபக்கமும் கவிழும். இழுகயிறு தொய்யும் கணம்தான் அடையாளம். அதிலிருந்து பிடிகயிற்றை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு இறக்குங்கள்.

பெட்டி உடல் லாரிக்குக் கயிறு ஆகாது, மெல்லிய சுவரை வெட்டிவிடும். அகலப் பெல்ட்டுகளை அடிப்பக்கச் சேஸிஸில் கட்டி, உடலுக்கு அடியில் நுழைத்து, கூரையைச் சுற்றி மேலே கொண்டுவந்து சக்கரப் பக்கம் இழுத்தால் பீப்பாயை உருட்டுவதுபோல நிமிரும். அடியில் நுழைக்க இடம் பண்ண உயர் அழுத்தக் காற்றுப் பை உதவும். 8 பார் அழுத்தத்தில் சில செ.மீ. தூக்கிக் கொடுக்கும். தூக்கும் ஒவ்வொரு செ.மீ.க்கும் மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போங்கள். கதவைத் திறந்து வைத்து நிமிர்த்தாதீர்கள், பெட்டியின் விறைப்பே மூடிய கதவில்தான் இருக்கிறது. சரக்கு ஒரு பக்கம் சாய்ந்து குவிந்திருந்தால் இறக்கிவிட்டு நிமிர்த்துவதே நேரமும் பணமும் மிச்சம்.

சேறும் தண்ணீரும்

சக்கரம் மூழ்கும் சேற்றில் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. கேபின் வரை என்றால் மூன்று. இதில் பெரும்பங்கு உறிஞ்சிப் பிடிக்கும் விசை. சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் காற்றுக் குழாயோ தண்ணீர்க் குழாயோ செலுத்தி அந்தப் பிடியை உடையுங்கள். கயிற்றை விறைப்பாக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டாலும் சேறு மெதுவாக விட்டுக்கொடுக்கும். வெட்டி வெட்டி இழுத்தால் இறுகும்.

தண்ணீருக்குள் கிடக்கும் கார் இலேசாக வரும், கரையில் ஏறும்போது கனக்கும். உள்ளே இரண்டு மூன்று கனமீட்டர் தண்ணீர் இருக்கும். அது இரண்டு மூன்று டன். கதவின் அடிவிளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் வந்ததும் நிறுத்தி, முழுக்க வடியும்வரை காத்திருங்கள். வடியாமல் இழுத்தால் சரிவின் கணக்கே இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

மின்சார வண்டி, கனரக வண்டி

மின்சாரக் காரின் அடித்தட்டு முழுக்கப் பேட்டரிதான். அங்கே கொக்கியோ ஜாக்கியோ படக்கூடாது, கல்லில் இழுபடவும் கூடாது. அதனால் விளிம்பில் பலகை கொடுப்பது இதற்குக் கட்டாயம். ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடாதீர்கள். சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும், எனவே ஸ்கேட் மேல் நகர்த்தி, தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அடிபட்ட பேட்டரி மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூடப் பொறுத்துத் தீப்பிடிக்கலாம். கொட்டகைக்குள் விடாமல், எந்த வண்டியிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் விடுங்கள்.

லாரியின் பிரேக் அமைப்பில் காற்று இல்லையென்றால் ஸ்பிரிங் பிரேக் பூட்டிக்கொள்ளும். மீட்பு வண்டியிலிருந்து காற்று கொடுங்கள், அல்லது பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்ட்டால் ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டி விடுவியுங்கள். சேம்பர் நசுங்கியிருந்தால் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலுவுள்ளது. சாலைக்கு வந்த பிறகு இழுத்துச் செல்வதாக இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்சிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்சுக்குள் எண்ணெய் ஏறாது, சில கிலோமீட்டரிலேயே எரிந்துவிடும்.

கயிற்றைச் சுற்றி வைப்பது

வேலை முடிந்ததும் கயிற்றை முழுக்க இழுத்துப் போட்டு ஒரு துணியால் துடைத்துக்கொண்டே பாருங்கள். உடைந்த கம்பி துணியில் மாட்டும். இழை ஒரு முழுச் சுற்று வரும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே இழையில் மூன்று அறுந்திருந்தாலோ கயிற்றை மாற்ற வேண்டும். முறுக்கிக் கிடந்து நேராக்கிய மடிப்பு, கூண்டுபோலப் பிரிந்து உப்பிய பகுதி இருந்தாலும் அதேதான். முனை வளையத்தில் U கிளிப் போட்டிருந்தால், சேணம் (U கம்பி செருகும் அடிக்கட்டை) பாரம் வரும் கயிற்றின் மேலும், வளைந்த கம்பி வெட்டு முனையின் மேலும் இருக்க வேண்டும், 12 மி.மீ. கயிற்றுக்குக் குறைந்தது மூன்று கிளிப், இடைவெளி கயிற்றுத் தடிமனைப் போல ஆறு மடங்கு. திருப்பிச் சுற்றும்போது சும்மா சுற்றாதீர்கள். முனையை ஒரு கனத்தில் மாட்டி, கொஞ்சம் இழுவையோடு சுற்றினால்தான் அடுக்குகள் இறுகி உட்காரும். தளர்வாகச் சுற்றிய கயிறு அடுத்த வேலையில் கீழ் அடுக்கைப் பிளந்துகொண்டு உள்ளே போய் மாட்டும். அப்போது வண்டி பாதிச் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும்.